ஜாக்கெட் அளவும் கொஞ்சம் கடுகும்

அந்த சோபாவில் நான் உட்கார்ந்தது பாதி, எழுந்தது பாதி.

வெள்ளை சோபா. உட்கார்ந்தால் இடுப்பு வரைக்கும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எழுந்தால் எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிற்கிறேன். அன்றைக்கு நான் பார்க்க விரும்பாத ஒரே ஆள் நான்தான். முந்தானையை இழுத்து விட்டேன். மறுபடியும் இழுத்து விட்டேன். அவ்வளவு ஏசியிலும் கழுத்து வேர்த்தது.

“ஏன் மதினி இப்படித் தவிக்கீங்க? உட்காந்து அந்த ஜூஸைக் குடிங்க” என்றார் வேலம்மாள் மதினி.

வேலம்மாள் மதினி என் சம்பந்தி. அதாவது, ஆகப்போகிறவர். என் மகள் ஹரிணிக்கும் சிவகிரியில் இருக்கும் அவர் மகன் கார்த்திக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. முகூர்த்தப் பட்டைக் காலையிலேயே வேறு கடையில் எடுத்தாயிற்று. ரிசப்ஷனுக்கு லெஹங்கா எடுக்கத்தான் இந்தக் கடை.

கடை என்று சொன்னால் ஹரிணிக்குக் கோபம் வரும். “பொட்டிக்னு சொல்லும்மா” என்பாள். ராஜபாளையம் ரோட்டில் முன்னால் உரக்கடை இருந்த இடம். யூரியா மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் இப்போது எலுமிச்சம்புல் வாசனை. ஒரு கம்பியில் ஒரு உடுப்பு, ஒரு முழம் தள்ளி இன்னொரு உடுப்பு. நம் ஜவுளிக்கடைகளில் மலை மாதிரி குவித்துப் போடுவார்கள், நாமும் கலைத்துப் போடுவோம், அதில் ஒரு நிம்மதி இருக்கும். இங்கே எதையும் தொடவே கை வரவில்லை.

ஹரிணி லெஹங்காவைப் போட்டுப் பார்க்க உள்ளே போயிருந்தாள். அது வரைக்கும் எல்லாம் நல்லபடிதான். அப்போதுதான் வேலம்மாள் மதினி கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஏதோ ஒரு கல்யாண வீடியோ. பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒரே மாதிரி ஆரி வேலை செய்த ஜாக்கெட் போட்டு, கைகோத்து நடந்து வருகிறார்கள்.

“நாமளும் இப்படிப் போடணும் மதினி. என் செலவு. நான் முடிவு பண்ணிட்டேன். இங்கனயே அளவு குடுத்துட்டுப் போயிருவோம்.”

குடித்துக்கொண்டிருந்த ஜூஸைக் கீழே வைத்துவிட்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் என்னோடு சேர்ந்து தவிக்க வேண்டாமா? எனக்கு இடது பக்க மார்பு கிடையாது. கட்டி வந்தது, புற்று என்றார்கள், மதுரையில் வைத்து எடுத்துவிட்டார்கள். அது வேலம்மாள் மதினிக்குத் தெரியாது. தெரிந்தால் இந்தக் கல்யாணம் நின்றுபோகும் என்று என் வீட்டில் அத்தனை பேரும் நம்பினார்கள். நானும்தான்.

திருச்செந்தூர் மொட்டை

மறைக்கச் சொன்னவர் என் அண்ணன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கண் விழித்ததும் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: “கோமதி, பொம்பளப்பிள்ளைய வச்சிருக்க. தாய்க்கு வந்தா மகளுக்கும் வரும்னு ஒருத்தன் சொன்னாப் போதும், ஒரு வரனும் வாசப்படி ஏறாது. அவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் மூச்சு விடக் கூடாது.”

அண்ணன் கெட்டவர் இல்லை. அத்தனை நாளும் வராந்தாவில் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர். ஆனாலும் அந்த வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை. நீ எப்படி இருக்கே என்று கேட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னோம். தெருவில் பாதிப் பேர் அதைச் செய்தவர்கள்தான், யாரும் துருவவில்லை. ஆளாளுக்கு ஆரஞ்சுப் பழமும் அவரவர் கர்ப்பப்பைக் கதையும் கொண்டுவந்தார்கள். நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

மருந்து ஏற்றியதில் முடி கொட்டியதும் வேறு பொய் தேவைப்பட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டேன் என்றோம். தலையில் சந்தனத்தைக் கூடப் பூசிக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா நேரே வந்து, “எங்க, இலை விபூதி கொண்டாந்தியா?” என்று கையை நீட்டிவிட்டாள்! அண்ணன் அதற்காகவே மறுநாள் பஸ் ஏறித் திருச்செந்தூர் போய் வந்தார். ஒரு பொய்க்கு எவ்வளவு அலைச்சல் பாருங்கள்.

முருகன் என்னை என்ன நினைத்தாரோ தெரியாது. முடி வளர்ந்துவிட்டது.

அளவு ஜாக்கெட்

சேலை கட்டுகிற ஊரில் பிறந்தது என் அதிர்ஷ்டம். போனது இடது பக்கம். முந்தானை போகிற பக்கமும் அதுதான். பாதியை முந்தானை மூடிவிடும், மீதிக்குக் கடுகு.

ஆமாம், கடுகுதான். பஞ்சு வைத்துப் பார்த்தேன், பஸ் படியேறினால் தோள்பட்டைக்கு ஏறி வந்துவிடும். ஆஸ்பத்திரியில் விற்கிற ரப்பர் மாதிரியான ஒன்று நம் வெயிலுக்கு வெந்துபோகும். சிகிச்சைக்கு வந்த வாசுதேவநல்லூர்ப் பெண் ஒருத்திதான் சொல்லிக்கொடுத்தாள். “மல் துணியில பை தச்சு கடுகைப் போட்டுக்கோங்கக்கா. கனமும் சரியா இருக்கும், குனிஞ்சா நிமிந்தா கூடவே வரும்.” அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கடுகு டப்பா தாளிக்க மட்டும் இல்லை.

தையல்காரர் விஷயமும் பயமில்லாமல் போயிற்று. பழைய ஆள்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு யாரும் டேப் வைத்து அளவு எடுப்பதில்லை. பொருத்தமாக இருக்கிற ஒரு ஜாக்கெட்டைப் பையில் போட்டு அனுப்பினால் போதும். அதுதான் அளவு ஜாக்கெட். என் தையல்காரர் என் கல்யாணத்திலிருந்து எனக்குத் தைக்கிறார், என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் குண்டானால் ஜாக்கெட்டோடு ஒரு சேதி போகும், “கையில ஒரு விரக்கடை கூட்டச் சொன்னாங்க” என்று. அவ்வளவுதான்.

அதனால்தான் வேலம்மாள் மதினி அளவு கொடுக்கலாம் என்றதும் எனக்கு ஒரு வழி தோன்றியது. “வீட்டுல அளவு ஜாக்கெட் இருக்கு. எங்க வீட்டு ஆள் எதுத்தாப்பல டீக்கடையிலதான் இருக்காக. அவுகளை எடுத்துட்டு வரச் சொல்லுதேன்.”

“ஸாரி மேடம்” என்றாள் ஷாலினி.

“எல்லா கோமதியும் இப்படித்தான்”

ஷாலினிதான் கடையின் முதலாளி. கோயம்புத்தூரில் உடுப்பு டிசைன் படித்துவிட்டு வந்த எங்கள் ஊர்ப் பெண். அளவெடுப்பதும் அவளே. முப்பது வயசு இருக்கும். பேச்சு முழுக்க டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி.

“நாங்க அளவு ப்ளவுஸ் வாங்குறது இல்ல மேடம். பாடி மெஷர்மென்ட்தான். அப்பத்தான் ஃபிட்டிங் பெர்ஃபெக்டா வரும். கோமதி மேடம், வாங்க.”

அவள் கோமதி என்றதும் மூன்று பேர் திரும்பினோம். நான், துப்பட்டா பார்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர், தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா. சங்கரன்கோவிலில் அம்மன் பேரை வைத்துவிட்டால் இதுதான் கதி. டீச்சர் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

“எனக்கு வேண்டாம் மதினி, நீங்க தைங்க. எனக்கு எதுக்கு இந்த வயசுல ஆரி பூரின்னு?”

“ஆமா, எனக்கென்ன வயசு கொறையுதாக்கும்? வாங்க மதினி. எல்லா கோமதியும் இப்படித்தான், பிடிச்சா பிடிவாதம். எங்க நாத்தனா கோமதியும் இப்படித்தான்” என்று என் கையைப் பிடித்து இழுத்தே விட்டார். பாசமான பிடி. அதை உதறினால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஷாலினியே ஒரு வழி சொன்னாள். “கூச்சமா இருந்தா, இந்த சாம்பிள் ப்ளவுஸை ட்ரையல் ரூம்ல போட்டுப் பாருங்க மேடம். அதை வச்சு லேசா கூட்டிக் குறைச்சுக்கலாம்.”

தப்பித்தேன் என்று நினைத்தேன். மடத்தனம்.

ட்ரையல் ரூம்

ஒரு ஆள் நிற்கிற இடம். மூன்று பக்கமும் கண்ணாடி, நாலாம் பக்கம் திரை. சாம்பிள் ஜாக்கெட் முதுகில் கொக்கி வைத்தது. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! வாழ்நாள் முழுக்க முன்னால் கொக்கி மாட்டியவளுக்கு முதுகில் கை எட்டுமா? ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வேறு பாதிக்கு மேல் தூக்காது. வளைத்தேன், திருகினேன், கண்ணாடியில் மூன்று கோமதிகளும் என்னோடு சேர்ந்து மல்லுக்கட்டினார்கள்.

கழற்றிவிடலாம் என்று முன்னால் இழுத்ததில் கொக்கி ஒன்று கடுகுப் பையின் தையலில் மாட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன்.

சரசரவென்று ஒரு சத்தம்.

கடுகு வழவழப்பான டைல்ஸில் விழுந்தால் நிற்குமா? கண்ணாடிக்குக் கீழே, என் கால்விரல் இடுக்கில், திரைக்கு அடியில் என்று நாலா பக்கமும் ஓடியது. குனிந்து கையால் அணைத்து அணைத்துப் பார்த்தேன். குனியக் குனிய இன்னும் கொட்டியது.  வெறும் பையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல், பாதியில் நின்றேன்.



“என்னது இது?” என்றது வேலம்மாள் மதினியின் குரல். கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், “கடுகு” என்றது.

நான் வெறும் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

“மதினி, மடியில கடுகு கட்டிட்டா வந்தீங்க?”

எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. கண்ணேறு கழிக்க மிளகாயும் உப்பும் கடுகும் சுற்றிப் போடுகிற ஊர் இது. கெட்ட கண்ணுக்குப் பயந்தவர்கள் கடுகை மடியில் முடிந்துகொண்டு போவதும் உண்டு. தன் கண்ணுக்குப் பயந்துதான் நான் முடிந்துகொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“நிச்சயத்தன்னைக்கு, பிள்ளை என்ன கலரு, என்ன களைன்னு வாய் விட்டுச் சொன்னேன். மறுநா அவளுக்குக் காய்ச்சலாம். உங்க சொந்தக்காரங்க என்ன பேசினாங்கன்னு என் காதுக்கும் வந்துச்சு. நீங்க அப்படி நினைக்க மாட்டீங்கன்னு இருந்தேன்.” குரல் உடைந்தது. “எங்க ஊர்ல என்னையப் பாத்தா பச்சப்பிள்ளைய முந்தானையால மூடுவாளுக. சீமந்த வீட்டுல எனக்கு மட்டும் பின்வரிசையில நாற்காலி போடுவாளுக. நீங்களுமா மதினி? என்னையப் பாக்க வாரதுக்கு மடியில கடுகா?”

“அத்தை, அப்படி இல்ல...” என்று, அதற்குள் பக்கத்து அறையிலிருந்து வந்துவிட்ட ஹரிணி பதறுவது கேட்டது.

“நீ சும்மா இரு மக்கா. என் கண்ணு பொல்லாததுன்னா உன்னைய எங்க வீட்டுக்கு எப்படி அனுப்புவாங்க? இப்பவே பேசி முடிச்சுக்கிடுவோம்.”

திரைக்குப் பின்னால் என் மனசு என்ன கணக்குப் போட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ‘ஆமா மதினி, எங்க ஆத்தா சொல்லி வச்ச பழக்கம், தப்பா நினைக்காதீங்க’ என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினால் போதும். இந்த ஊரில் யாரும் நம்புவார்கள். நாலு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பார், பிறகு சரியாகிவிடும். என் விஷயம் வெளியே வராது. அண்ணன் கூட மெச்சியிருப்பார்.

வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த அழுகை! ஐம்பது வயசுப் பெண் ஒரு நாகரிகக் கடையில் நாலு பேர் பார்க்க அழுகிறாள், நான் செய்யாத ஒன்றுக்காக. எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்.

சேலையை அள்ளிப் போர்த்திக்கொண்டு திரையை விலக்கினேன்.

“உங்க கண்ணுக்கு இல்ல மதினி. எனக்கு இந்தப் பக்கம் மார்பு இல்ல. புத்துநோய் வந்து எடுத்தாச்சு. அந்த இடத்துல வச்சிருந்த கடுகு இது.”

பதில் வராத நேரம்

 துப்பட்டா டீச்சர் மெதுவாக வெளியே போய்விட்டாள். ஷாலினியின் செய்தி வாசிப்பெல்லாம் எங்கேயோ போய், “ஏ அம்மா!” என்றாள், அசல் எங்கள் ஊர்க்காரியாக.

வேலம்மாள் மதினி என் முகத்தைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு ஹரிணியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் நான் இத்தனை நாளும் பயந்திருந்தேன்.

“பிள்ளைக்கு வருமா?”

“தெரியாது மதினி” என்றேன்.

“வரலாம், வராமலும் போகலாம் அத்தை. வருஷா வருஷம் பாத்துக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க” என்றாள் ஹரிணி. லெஹங்காவோடு நின்றாள். “உங்க மகன்கிட்டயும் நான் சொல்லல. மாமா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. தினமும் போன்ல பேசும்போது தொண்டைக்குள்ள நிக்கும்.”

மதினி கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போனார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. உச்சி வெயிலில், செருப்புப் போட மறந்து, ரோட்டோரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். காதில் போன். ராஜபாளையம் பஸ் ஒன்று வந்து நின்று அவரை மறைத்தது. பஸ் போனபோது அங்கே அவர் இருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன். இருந்தார்.

என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கடைக்குள் நானும் நடந்தேன். ஒரு உடுப்பைத் தொட்டேன், விட்டேன், அடுத்ததைத் தொட்டேன். என் பிள்ளை வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே என்று ஒரு அடிக்கு நினைப்பேன். சொன்னால் என்ன, செத்தா போனேன் என்று அடுத்த அடிக்கு நினைப்பேன். ஹரிணி என் கையைப் பிடித்தாள். 

மதினி உள்ளே வந்தார். நேரே போய் அந்த வெள்ளை சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். கால் இரண்டும் சிவந்து கிடந்தன.

“கார்த்திக்கிட்ட சொல்லிட்டேன். ‘அதுக்கு என்னம்மா இப்போ?’ங்கான். படிச்ச பய, அவனுக்கு எல்லாம் சுளுவா இருக்கு. உன்னைய உடனே போன் பண்ணச் சொன்னான் மக்கா.” ஹரிணி கைபேசியைத் தேடி ஓடினாள். மதினி என்னிடம் திரும்பினார். “எனக்குப் பயமாத்தான் இருக்கு மதினி. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“எனக்கும்தான்” என்றேன்.

“பிள்ளைய நான் விட மாட்டேன். ஆனா ஊருக்குத் தெரிய வேண்டாம். எங்க வீட்டு ஆளுக்குக் கூட வேண்டாம். அவுக காதுல போட்டா சிவகிரி முழுக்கத் தெரிஞ்சிரும். கல்யாணத்தன்னைக்கும் அந்தக் கடுகையே வச்சுக்கோங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்.”

அன்பாகத்தான் சொன்னார். நான் அழுது கும்பிட்டிருக்க வேண்டிய இடம். எனக்கோ சுள்ளென்று கோபம் வந்தது. முதலில் அண்ணன், இப்போது இவர். ஆளுக்கு ஆள் என் வாயைத்தான் பொத்துகிறார்களே தவிர, எனக்கு மூச்சு முட்டுகிறதா என்று ஒருத்தர் கேட்கவில்லை.

“எத்தனை நாளைக்கு மதினி? மொட்டைக்கு ஒரு பொய், தழும்புக்கு ஒரு பொய். வாசல்ல யார் வந்தாலும் முந்தானையைத் தேடுதேன். நோவு கூட இவ்வளவு படுத்தல.” குரல் தடித்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. “உங்க கண்ணை ஊர் என்னென்னவோ சொல்லுது. அதுக்காக நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டா வாரீங்க? பின்வரிசையில நாற்காலி போட்டாலும் போய் உட்காரத்தான செய்யுதீங்க? நானும் இருந்துட்டுப் போறேன், இருக்கிறபடி.”

சொல்லி முடித்ததும் பயந்துபோனேன். அதிகமாகப் பேசிவிட்டேனோ?

மதினி என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. “யப்பா, என்னா வாய்! நானாவது கண்ணால பாக்கத்தான் செய்யுதேன்!” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஷாலினியைப் பார்த்து, “ஏட்டி, என்ன மரம் மாதிரி நிக்க? மதினிக்கு அளவு எடு. சாம்பிளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

திரைக்குள் போகலாம் என்றாள் ஷாலினி. கடைக்குள் அப்போது பெண்கள் மட்டும்தான். இங்கேயே எடு என்றேன்.

ஷாலினியின் விரல் சில்லென்று இருந்தது. ரொம்பப் பக்குவமாக டேப்பை வைத்தாள். தோள், கை, கழுத்து, வலது பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். இடது பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டாள். வலது பக்கத்து அளவையே எழுதி உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பதா, வேறு எப்படியாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் சங்கடம்.

“இந்தப் பக்கம் என்ன எழுதட்டும்க்கா?” என்றாள் மெதுவாக.

 ஹரிணி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

“இருக்கதை எழுதுமா” என்றேன்.